காரத்தொழுவுக்காரர் வரைந்த வேதாளம்

2021 ஜனவரி 25 அன்று வெளியான பத்மஸ்ரீ பட்டியலின் கலைப் பிரிவில் இந்த இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, கேரளத்தைச் சேர்ந்த கே.கே. ராமச்சந்திர புலவர். பாலக்காடு மாவட்டம், ஷொர்ணூருக்குப் பக்கத்திலுள்ள கூனத்தறைக்காரர். தோல்பாவைக்கூத்து நடத்துபவர். இன்னொன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த கே.சி. சிவசங்கர். இந்தப் பெயரைப் பார்த்ததும் யார் என்று பலருக்குப் பிடிபடவில்லை. ‘அம்புலிமாமா சங்கர்’ என்று யாராவது எடுத்துச் சொன்ன பிறகுதான், “அட, அந்த விக்கிரமாதித்தன் படம் போட்டவரா!” என்று முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க அவர் இல்லை. நான்கு மாதம் முன்பு, 2020 செப்டம்பர் 29 அன்று, சென்னையில் தம் 96-வது வயதில் காலமாகிவிட்டார்.

கூனத்தறைக்காரர் தோலில் வெட்டிய உருவங்களை வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஆட்டிக் கதை சொல்பவர். சென்னைக்காரர் தாளில் மையால் உருவம் போட்டுக் கதை சொன்னவர். ஒரே பட்டியலில் அடுத்தடுத்த மாநிலத்துப் படக்கதைக்காரர்கள். ஆனால் சங்கரைச் ‘சென்னைக்காரர்’ என்று சொல்லிக் கடந்துபோவது முழு உண்மை ஆகாது. அவருடைய பெயரின் முன்னால் நிற்கும் ‘கே’ காரத்தொழுவு என்ற ஊரைக் குறிப்பது. காரத்தொழுவு சந்திரசேகரன் சிவசங்கரன் என்பதே முழுப்பெயர்.

காரத்தொழுவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆற்றைப் பிடித்துக்கொண்டு போவது எளிது. கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றில் 41 மேற்கே கடலுக்கு ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு என்ற மூன்று மட்டும் கிழக்கே திரும்புகின்றன. பவானி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பாம்பாறு இடுக்கியில் ஆனைமுடிப் பக்கம் தோன்றி, மறையூர் வழியாகச் சின்னாறு காட்டுக்குள் இறங்கி, அமராவதியில் சேர்கிறது. அந்த அமராவதி சமவெளிக்கு வந்து பாயும் தாராபுரம், உடுமலை வட்டாரத்துக் கிராமங்களில் ஒன்றுதான் காரத்தொழுவு. உடுமலையிலிருந்து தெற்கே பார்த்தால் மலைச்சுவர். அந்தச் சுவருக்கு அப்புறம் மறையூரும் மூணாறும். வடமேற்கே போனால் பொள்ளாச்சி, அதைத் தாண்டினால் பாலக்காடு. இன்றைக்கு நடுவில் சோதனைச்சாவடிகள் உண்டு. சங்கர் பிறந்தபோது தாராபுரம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பாலக்காடு மலபார் மாவட்டத்தில் இருந்தது. இரண்டும் ஒரே சென்னை மாகாணம். மலைமேல் தேவிகுளமும் மூணாறும்தான் திருவிதாங்கூர் ராஜாவின் நாடு.

அவர் பிறந்தது 1924 ஜூலை 19. அந்த மாதத்தை மூணாற்றுக்காரர்கள் வேறு காரணத்துக்காக மறக்கமாட்டார்கள். கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று இன்றும் பேசப்படும் பெருவெள்ளம் அந்த ஜூலையில்தான் வந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிப்போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை அந்த மழையில் அடித்துக்கொண்டு போனது. பிறகு அது திரும்பப் போடப்படவே இல்லை. மலையின் அந்தப்பக்கம் ஒரு ரயில் காணாமற்போன மாதத்தில், இந்தப்பக்கத்துக் கிராமத்தில் ஒரு குழந்தை பிறந்தது.

1934-இல், பத்து வயதில், குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். பிராட்வேயில் மாநகராட்சிப் பள்ளி, பிறகு ஜார்ஜ் டவுன் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்த ஓவிய ஆசிரியர்தான் பையனின் கையைப் பார்த்துவிட்டு, பி.ஏ. படிக்கப் போகாதே, ஓவியப் பள்ளிக்குப் போ என்று சொன்னவர். குமாஸ்தா வேலைக்குப் பட்டம் வாங்குவதுதான் பிழைக்கும் வழி என்று வீடுகள் நம்பிய காலம் அது. ஒரு டிராயிங் மாஸ்டரின் அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் நமக்கு விக்கிரமாதித்தனின் முகம் கிடைத்திருக்காது. பள்ளிக்கூடங்களில் ஓவிய ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகவே விட்டுவைக்கும் நிர்வாகங்கள் இந்தச் செய்தியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

1941-இல் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. இன்று மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அதே 1941-இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் கோயம்புத்தூரில் பிறந்தவர், மலையாளி, பின்னாளில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவியவர். 1960-களில் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் மலையாள எழுத்துப்போலத் தோன்றும் கோடுகள் சித்திரம் முழுக்கப் பரவிக் கிடக்கும். எழுத்தையே படமாக்கிவிட்டவர் அவர். சங்கர் போனது நேர் எதிர்த் திசையில். எந்த எழுத்துக்கும் கட்டுப்படாத படத்தை வரைவதுதான் அவர் வாழ்நாள் வேலையாக அமைந்தது.

அந்த வேலைக்கு வருமுன் ஆறு ஆண்டுகள் ‘கலைமகள்’. 1946-இல் ஓவியப் படிப்பு முடிந்ததும் 85 ரூபாய் சம்பளத்துக்கு அங்கே சேர்ந்தார். பெரிய குடும்பம். சம்பளம் கட்டுப்படியாகவில்லை. கையில் தூரிகை இருந்ததால் வெளிப் பத்திரிகைகளுக்கும் வரைந்து சமாளித்தார். அப்போதைய தமிழ்ப் பத்திரிகை ஓவியர்கள் பலருக்கும் இதுதான் நிலைமை. பகலில் ஒரு மேஜை, இரவில் வீட்டு விளக்கின் கீழ் இன்னொரு மேஜை.

1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்பு, பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கியிருந்தார்கள். இதே இருவர்தான் வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டூடியோவை நடத்தியவர்கள். ‘பாதாள பைரவி’யையும் ‘மாயாபஜா’ரையும் எடுத்தவர்கள். திரையில் மந்திரவாதியைக் காட்டிய அதே முதலாளிகள் தாளிலும் மந்திரவாதியைக் காட்ட விரும்பினார்கள். 1952-இல் சங்கர் அங்கே சேர்ந்தார். முன்னைவிட நல்ல சம்பளம். அதற்குப் பிறகு ஏறத்தாழ 60 ஆண்டுகள், 2012 வரை, அந்த ஒரே இதழ்தான். வேறு எந்தப் பெரிய பத்திரிகைக்கும் தாவவில்லை. கண்காட்சி வைத்துப் பேர் வாங்கவில்லை. மாதம் தவறாமல் படம் கொடுத்தார்.

இந்த ‘மாதம் தவறாமல்’ என்பதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சந்தமாமாவில் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம் இருக்கும். பெரிய ஓவியர்கள் சிலரே இருந்தார்கள். மாயமும் மந்திரமும் நிறைந்த தொடர்கதைகளுக்குப் பெரும்பாலும் ‘சித்ரா’ என்று கையெழுத்திட்ட டி.வி. ராகவன். அட்டைகளில் நீர்வண்ணத்தில் மின்னும் பெண்களையும் தேவர்களையும் வரைந்தவர் ‘வபா’ என்ற வட்டாதி பாப்பையா. தொடக்க ஆண்டுகளின் மகாபாரதப் படங்களுக்கு எம்.டி.வி. ஆச்சார்யா. சங்கருக்கு வந்தவை புராணம், இதிகாசம், ராஜா கதை, கிராமத்துக் கதை, அப்புறம் வேதாளம். சித்ராவின் கோட்டில் ஒரு சினிமாவின் வேகம் இருக்கும். சங்கரின் கோட்டில் பொறுமை இருக்கும். ஒரு கிராமத்துப் பஞ்சாயத்தை வரைந்தால், பேசுகிறவன் முகத்தோடு அவர் நிறுத்தமாட்டார். பின்னால் நிற்கும் கிழவியின் முகத்தில் என்ன ஓடுகிறது, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டிருக்கும் பையன் எதைப் பார்க்கிறான் என்பதும் அதே சிறிய சதுரத்துக்குள் இருக்கும்.

அச்சின் கட்டுப்பாடும் அந்தக் கோட்டை உருவாக்கியது. ஆஃப்செட் பரவலாவதற்கு முந்தைய ஈயஅச்சுக் காலத்தில், ஓவியர் வரைந்ததைப் புகைப்படம் எடுத்துச் சிறிதாக்கித் துத்தநாகத் தகட்டில் ‘பிளாக்’ எடுப்பார்கள். அந்த பிளாக்கை எழுத்துகளோடு சேர்த்துக் கட்டி அச்சேற்றுவார்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் நடுவில் மை அடைத்து, நிழல் போட்ட இடம் கறுப்புத் திட்டாகிவிடும். ரொம்ப மெல்லிய கோடு போட்டால் தகட்டில் தப்பிக்காது. எனவே பத்திரிகை ஓவியன் தாளைப் பார்த்து வரைய முடியாது. மலிவுத் தாளில், பாதி அளவில், ஆயிரக்கணக்கான பிரதிகள் ஓடிய பிறகு எது மிஞ்சும் என்று மனசுக்குள் பார்த்துத்தான் வரைய வேண்டும். அந்தக் காலத்துச் சங்கர் படத்தில் ஒரு யானையின் தோல்மடிப்பையோ ஆலமர விழுதையோ பாருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே மை மூச்சுவிட இடம் இருக்கும்.

இனி வேதாளத்துக்கு வருவோம்.

வேதாளக் கதைகள் பழையவை. 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித் சாகர’த்தில் இருப்பவை இருபத்தைந்து. சம்ஸ்கிருதத்தில் பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழில் அது முருங்கை மரமாகி, வேதாளம் முருங்கை மரம் ஏறின கதை என்று அன்றாடப் பேச்சிலேயே ஏறிவிட்டது. சந்தமாமா இந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, இருபத்தைந்து தீர்ந்த பிறகும் விடவில்லை. மாதம் ஒரு புதிர்க் கதை. பல பத்தாண்டுகள். தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் ஆசிரியர் குழுவில் இருந்த நாட்களில் கதைகள் பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்பட்டு மற்ற மொழிகளுக்குப் போயின. கதை மாதா மாதம் மாறும். முகப்புப் படம் மாறாது. சங்கர் வரைந்த அந்த ஒரு படம்.

சுடுகாடு. கையில் உருவிய வாள். தோளில் பிணம். காலடியில் மண்டையோடு, பாம்பு. விக்கிரமன் நடந்துகொண்டிருக்கிறான். இந்தக் கதையில் படமாக்கத்தக்க கட்டங்கள் எத்தனையோ உண்டு. மரத்தில் ஏறிப் பிணத்தை வெட்டிச் சாய்ப்பதை வரையலாம். வேதாளம் சிரித்துக்கொண்டே பறந்துபோவதை வரையலாம். இரண்டும் இன்னும் பரபரப்பாக இருக்கும். சங்கர் எடுத்துக்கொண்டது நடுவழியை. கதை தொடங்காமலும் முடியாமலும் இருக்கும் அந்த நடையை. அதனால்தான் அந்தப் படம் எந்த மாதத்துக் கதைக்கும் பொருந்தியது. படத்தைப் பார்த்த குழந்தைக்கு, இப்போதுதான் வேதாளம் வாயைத் திறக்கப் போகிறது என்று தெரியும். படம் காது கொடுத்துக் கேட்க வைத்தது. ஒரு படப்புத்தக ஓவியருக்கு எந்தக் கணத்தை வரைவது என்ற தேர்வுதான் பாதித் திறமை. கை சுத்தம் மறுபாதி. அந்தத் தேர்வுக்குத் தமிழில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இந்தப் படம் தமிழில் மட்டும் வந்ததல்ல. சந்தமாமா ஒரு டஜன் மொழிகளுக்கு மேல் வந்தது. மராத்தியில் ‘சாந்தோபா’, ஒடியாவில் ‘ஜன்ஹமாமு’, மலையாளத்தில் ‘அம்பிளி அம்மாவன்’. சிங்களத்திலும் வந்தது. பெரும்பாலான மொழிகளில் நிலா தாய்மாமன்தான். எல்லா மொழியிலும் படம் ஒன்றுதான். எழுத்தை மட்டும் மாற்றி அடித்தார்கள். ஆகவே ஓவியருக்கு எழுதப்படாத சில விதிகள் இருந்தன. படத்துக்குள் எழுத்து வரக்கூடாது. கடைப் பலகையோ கடிதமோ வரைந்தால் அதில் எதுவும் வாசிக்கும்படி இருக்கக்கூடாது. ஒரு மொழிக்காரருக்கு மட்டும் புரியும் சைகை வரக்கூடாது. உடை, வீடு, ஏர், கிணறு எல்லாம் பெர்ஹாம்பூரில் இருக்கும் குழந்தைக்கும் பாலக்காட்டில் இருக்கும் குழந்தைக்கும் ‘நம்மூர்’ என்று தோன்ற வேண்டும். உஜ்ஜயினி மன்னனுக்குச் சங்கர் கட்டிக்கொடுத்த அரண்மனைகளில் தென்னாட்டுக் கோயில் மண்டபத்துத் தூண்களின் சாயல் தெரியும். அதற்காக எந்த வடநாட்டுக் குழந்தையும் அதை அந்நியமாக நினைத்ததில்லை.

இந்த ஏற்பாடு எல்லைப் பகுதிக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கோட்டயத்திலோ சென்னையிலோ இருந்து பார்த்தால் தெரியாது. 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களிலும் பெருந்தொகைத் தமிழர்கள் கேரளத்துக்குள் இருந்தார்கள். மூணாற்றுத் தேயிலை எஸ்டேட்டுகளுக்குக் கங்காணிகள் கூட்டிவந்த தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் லயங்களில் தமிழ் பேசினார்கள். கீழே பஜாரில் மலையாளம். பள்ளியும் இரண்டாகப் பிரியும். தமிழ் மீடியம் ஒரு கட்டடம், மலையாள மீடியம் ஒரு கட்டடம். ஒரே வீட்டில் அக்கா தமிழிலும் தம்பி மலையாளத்திலும் படிப்பது அந்தப் பக்கத்தில் அதிசயம் இல்லை. அப்படி ஒரு வீட்டுக்கு ‘அம்புலிமாமா’வும் ‘அம்பிளி அம்மாவ’னும் வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தால் என்ன ஆகும்? ஒரே விக்கிரமன், ஒரே வாள், ஒரே பாம்பு. அக்கா தமிழைப் படித்துக் கதையைச் சொல்ல, தம்பி அதே படத்தின் கீழிருக்கும் மலையாள வரியில் விரலை வைத்து அந்தச் சொல்லைத் தேடுவான். இதைவிட நல்ல மொழிப்பாடப் புத்தகத்தை எந்த மாநில அரசும் அச்சடித்ததில்லை.

அட்டப்பாடியின் இருளர், முதுகர் குழந்தைகளையும் மறையூர் மலைகளில் முதுவர் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் கூர்மையாகும். வீட்டில் பேசுவது ஒன்று. பள்ளியில் எழுதுவது வேறொன்று. வீட்டு மொழிக்கு அரிச்சுவடி கிடையாது. அந்தக் குழந்தைக்குப் புத்தகத்தில் சொந்தமாக வாசிக்கக் கிடைக்கும் ஒரே பகுதி படம்தான். இடுக்கிக் காட்டுக்குள் இருக்கும் இடமலக்குடி, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. அதன் உட்குடி ஒன்றில், ஒரு தேநீர்க்கடையில் சுமார் 160 புத்தகங்களோடு நூலகம் நடந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதியபோது நாடே வியந்தது. யானை நடமாடும் பாதையில் நடந்துபோய்ப் புத்தகம் இரவல் வாங்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி நல்ல படங்களோடு புத்தகம் போகிறதா என்பதுதான் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது.

மறையூர் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்கே சந்தனக் காட்டுக்குள் பழங்காலப் பாறை ஓவியங்கள் உள்ள ஓர் இடம் உண்டு. அதற்கு உள்ளூர்ப் பெயர் ‘எழுத்துக்குகை’. அங்கே இருப்பவை எழுத்து அல்ல, மான்களும் மனிதர்களும். ஆனால் பெயர் தப்பில்லை. பழந்தமிழில் ஓவியம் ‘எழுதுவது’தான், கண்ணுக்கு மை எழுதுவது, தொய்யில் எழுதுவது எல்லாம் வரைவதே. கேரளத்துக் கோயில்களில் ஐந்து வண்ணப் பொடியால் தரையில் பகவதியை வரைவதற்கு இன்றும் களமெழுத்து என்றே பெயர். எழுதுவதும் வரைவதும் ஒரே வினைச்சொல்லாக இருந்த நிலம் இது. பள்ளிக்கூடம்தான் இரண்டையும் பிரித்து, எழுத்துக்கு மதிப்பெண் போட்டு, படத்துக்குச் சனிக்கிழமை ஒரு பீரியட் கொடுத்தது.

முதலில் சொன்ன கூனத்தறைக்காரரின் கலையிலும் இதே குறுக்குநெடுக்கு இருக்கிறது. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தை பிறந்தபின் கோடைவரை நடக்கும் தோல்பாவைக்கூத்தின் கதை, கம்பராமாயணம். புலவர்கள் பாடுவது கம்பனின் தமிழ்ப் பாட்டு. கேட்பவர்கள் மலையாளிகள். பாட்டுக்கு நடுவே மலையாளம் கலந்த தமிழில் விளக்கம் வரும். கோயில் வளாகத்தில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடம், குறுக்கே நீளமாக வெள்ளைத் திரை, அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள். பல இடங்களில் 21 இரவுகள் கதை ஓடும். ராவணவதம் நடந்தபோது பத்ரகாளி தாரகனோடு போரில் இருந்ததால் அந்த யுத்தத்தைப் பார்க்கவில்லை. அம்மன் பார்ப்பதற்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதிகம். அதனால் எதிரில் ஓர் ஆள் இல்லாவிட்டாலும் விடியும்வரை பாவை ஆடும்.

அந்தப் பாவைகளைக் கையில் வாங்கிப் பார்த்தால், சங்கரின் மேஜைக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு புரிந்துவிடும். தோலைப் பதப்படுத்தி, உருவத்தை வெட்டி, உளியால் துளைதுளையாகக் குத்துவார்கள். துளை வழியாக வெளிச்சம் வரும். அதுதான் நகை, அதுதான் ஆடையின் மடிப்பு. துளைகள் நெருங்கினால் தோல் கிழியும், விலகினால் நகை தெரியாது. அங்கே வெளிச்சத்துக்கு இடம் விட வேண்டும், இங்கே மைக்கு. இரண்டு பேருமே பக்கவாட்டு முகத்தின் ஒரே வரைகோட்டில் ராமன் யார், ராவணன் யார் என்று சொல்லிவிட வேண்டும். பாதி தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் அது எட்ட வேண்டும்.

ஒரு பத்திரிகை தொடர்ந்து வரும் வரைக்கும்தான் ஓவியருக்கு மேஜை. 1998-இல் சந்தமாமா ஓராண்டுபோல் நின்றது. 1999-இல் மறுபடி வந்தது. 2007-இல் மும்பைக் கணினி நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. அதன் கையிலும் அது நெடுநாள் நிலைக்கவில்லை. இந்த மாற்றங்களின் போதெல்லாம் இதழில் அப்போதும் வரைந்துகொண்டிருந்த பழைய ஓவியராகச் சங்கர் இருந்தார். சித்ரா, வபா எல்லாம் முன்பே போய்விட்டார்கள். வயது எண்பதைத் தாண்டிய பிறகும் அவர் கையில் நடுக்கம் இருந்ததாக அச்சில் வந்த கோடுகள் காட்டவில்லை. 2012-க்குப் பிறகு அவர் ஓய்வெடுத்திருக்கலாம். ராமகிருஷ்ண மடத்தின் ‘ராமகிருஷ்ண விஜயம்’ மாத இதழுக்கு வரையப் போனார்.

கேரளத்துப் பக்கம் குழந்தைகள் இதழ்கள் கதை வேறு. அங்கே ‘பாலரமா’வின் மாயாவி, லுட்டாப்பி, குட்டூசன் எல்லாம் 1980-களிலிருந்து வீட்டுப் பெயர்கள். சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் ‘யுரேகா’ 1970-இலிருந்து குழந்தைகளுக்கு அறிவியல் சொல்கிறது. தமிழிலும் ‘கலைமகள்’ வீட்டிலிருந்து 1950-இல் வந்த ‘கண்ணன்’, 1972-இல் தொடங்கிய ‘கோகுலம்’ என்று நல்ல இதழ்கள் இருந்தன, நின்றும் போயின. இரண்டு மொழி இதழ்களும் நல்லவை, ஆனால் ஒன்றை ஒன்று தெரியாமல் வளர்ந்தவை. சித்தூர்ப் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் ‘பாலரமா’வின் படம் தமிழில் இல்லை. கோயம்புத்தூர்ப் பேருந்தில் வந்து இறங்கும் தமிழ் இதழின் படம் மலையாளத்தில் இல்லை. ஒரே படத்தை இரண்டு எழுத்தில் தரும் வேலையைச் சந்தமாமாவுக்குப் பிறகு எடுத்துச் செய்வது பதிப்பகங்கள்தான். சென்னைத் தூலிகா 1996 முதல் ஒரே படப்புத்தகத்தைத் தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் போடுகிறது. 1994-இல் தொடங்கிய தாரா பதிப்பகம் கோண்டு, வார்லி போன்ற ஓவியர்களையே புத்தகத்தின் ஆசிரியர்களாக அட்டையில் போட்டது. பிரதம் புக்ஸ் 2015-இல் திறந்த ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் ஒரு கதையின் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு யாரும் தம் மொழியில் எழுதிச் சேர்க்கலாம்.

அட்டையில் ஓவியர் பெயர் வருவது சிறிய விஷயம் அல்ல. சங்கரின் தலைமுறைக்கு அது இல்லை. மாதச் சம்பளம்; படம் இதழுக்குச் சொந்தம். அவருக்கு மிஞ்சியது படத்தின் மூலையில் இருந்த சின்னக் கையெழுத்து. கோடிக்கணக்கான கண்கள் அந்த மூலையைக் கடந்துபோயின. இணையத்தில் இன்று விக்கிரமன்–வேதாளம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அவர் படம்தான். பலர் அதை வெட்டி ஒட்டும்போது மூலையும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகிறது. அந்தப் படத்தைப் பகிர்பவர்கள் கையெழுத்தை விட்டுவைத்து, கீழே ‘சங்கர், காரத்தொழுவு’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

2021 நவம்பர் 9 அன்று, குடியரசுத் தலைவர் மாளிகையில் அந்த ஆண்டின் விருதுகள் வழங்கப்பட்டன. பாலக்காட்டுப் பக்கம் கூத்துமாடங்களில் அடுத்த பருவம் தொடங்க இரண்டு மாதம் இருந்தது. தேங்காய் மூடி விளக்குகளுக்குத் திரி திரித்து, துணித்திரை துவைத்து, கிழிந்த பாவைகளுக்குத் தோல் ஒட்டும் மாதங்கள் அவை.